ஏழாம் சேனலின் இரைச்சல்

தோஹா
12.05.2008

அன்புள்ள சந்திரா அக்காவுக்கு,

தம்பி சிவலிங்கம் எழுதுவது. நான் சுகம், வெயில்தான் ஆளைக் குடிக்கிறது. நீங்களும் நிரஞ்சலாவும் எப்படி இருக்கிறீர்கள்? மழை தொடங்கினால் அவளுக்கு வருகிற இருமல் இந்தத் தடவையும் வந்துவிட்டதா?

ஒரு நல்ல செய்தி. கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் தூக்குகிற வேலை எனக்கு முடிந்தது. கம்பனியின் ஸ்டூடியோவிலேயே போட்டுவிட்டார்கள். எனக்கு மேலே இருப்பவர் யஹ்யா, அக்குறணைக்காரர். பலாபத்வலயில் மச்சானும் நானும் ஸ்டூடியோ வைத்திருந்தோம் என்றதும், "மிளகுக் கடைக்கு மேலயா? ரோட்டால போறப்ப போர்டு கண்டிருக்கேனே" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன் மாதிரி, நானா என்றுதான் கூப்பிடுகிறேன், அவரோடுதான் சாப்பாடு.

இங்கே சத்தம் கலக்குகிற மிக்சரே கிடையாது அக்கா. எல்லாம் கொம்பியூட்டர். ஆனால் அதற்குள் ஒரு சொப்ட்வெயார் இருக்கிறது, கேட்டால் சிரிப்பீர்கள். திறந்தால் பழைய மிக்சரின் படம் வரும். குமிழ்கள், ஆடுகிற ஊசி, எல்லாம் இருக்கும். கொம்பியூட்டரில் பதிந்த பாட்டு அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறதாம், அதில் உயிர் இல்லையாம். அதனால் பழைய மிக்சருக்குள் போய் வந்தால் சத்தம் எப்படிக் கொஞ்சம் தடித்து, கொஞ்சம் கலங்கி வருமோ அதே போல இது ஆக்கிக் கொடுக்கிறது. மூலையில் சின்னதாக ஒரு பொத்தான். அதை அமுக்கினால் இரைச்சல் வரும். நம்முடைய மிக்சரின் ஏழாம் சேனலில் வந்துகொண்டிருந்ததே, அதே 'ம்ம்ம்'. உலகம் முழுவதும் பெரிய பெரிய ஆட்கள் இந்தப் பொத்தானுக்காகத்தான் அதை வாங்குகிறார்களாம்.

மச்சான் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குத்தான் அந்த இரைச்சல் ஆகவே ஆகாதே. அந்தச் சேனலை மட்டும் கழற்றிக்கொண்டு, பழுது பார்க்கக் கொழும்புக்குப் போனதும் அதனால்தானே.

நாம் கடைசியாகப் பதிந்த காமன் கூத்துப் பாட்டுகள் என்னிடம் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. இந்தச் சொப்ட்வெயாரில் போட்டு முடித்து அனுப்புகிறேன். நிரஞ்சலாவுக்கு என் முத்தம்.

அன்புத் தம்பி
சிவலிங்கம்


எல்கடுவ
09.06.2008

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. வெயிலில் போகும்போது தலையில் எதையாவது போட்டுக்கொள். உனக்குச் சின்ன வயதிலிருந்தே சூடு ஆகாது. எங்களுக்கு ஒன்றுமில்லை. நிரஞ்சலாவுக்கு முன்பல் ஆடுகிறது, இருமல் இல்லை.

பிள்ளைக்காம்பராவில் இப்போது பதினெட்டுப் பிள்ளைகள். தாய்மார் கொழுந்து எடுத்துவிட்டு வரும்வரை என் பொறுப்பு. போன வாரம் பதினெட்டும் ஒன்றாகச் சேர்ந்து அழுதிருக்கிறார்கள். கங்காணி வந்து, "ஏம்மா, ஒனக்குக் காது கேக்குதா இல்லியா?" என்று கேட்டார். "கேக்குதுங்க" என்றேன். கேட்கத்தான் செய்தது.

புதன்கிழமை, காணாமல் போனவர்களைப் பதிகிற கண்டி ஒபிசுக்குப் போனேன். இது ஏழாவது தடவை. அதே கேள்விகள்தான். என்ன உயரம், என்ன நிறச் சட்டை, கையில் என்ன இருந்தது. மிக்சரில் ஒரு சேனல், துவாய்த் துண்டில் சுற்றி வைத்திருந்தார் என்றேன். சேனல் என்றால் என்ன என்று இந்த முறையும் கேட்டார்கள். முழ நீளத் தகடு, பின்பக்கம் முழுக்க வயர் என்றேன். கொழும்புக்குக் கிட்டப் போய் ஒரு சோதனைச்சாவடியில் அதைப் பார்த்துத்தான் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள் என்று கண்டக்டர் சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர் இல்லை என்றேன். எதற்காக அதைக் கொண்டுபோனார் என்றார்கள். அவருக்கு இரைச்சல் பிடிக்காது, அவராகத்தான் புறப்பட்டுப் போனார் என்றேன். எழுதிக்கொண்டார்கள். இது பதினாறாவது மாதம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவர் குரல் எனக்கு மறந்துபோய்விட்டது. முகம் இருக்கிறது, போட்டோ இருக்கிறது. அவர் சொன்ன பேச்செல்லாம் ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கிறது. ஆனால் எல்லாம் என் குரலில்தான் கேட்கிறது. நிரஞ்சலா, "அப்பா எப்பிடிம்மா பேசுவாரு?" என்று கேட்டாள். பேசிக் காட்டத் தெரியவில்லை.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவர் மைக்கில் தேதி சொல்லி, "டேக் மூணு" என்பாரே. அது மட்டும் போதும். பாட்டு வேண்டாம். அதை எடுத்து அனுப்பு.

அவருக்கு இரைச்சல் ஆகாது என்பது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்தத் தகரத்தில் மழை அடிக்கும்போது, படுத்த மறு நிமிடம் குறட்டை விட்ட மனுஷன். ஸ்டூடியோவில் வேறு ஆள் போல.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா
சந்திரகாந்தா


தோஹா
03.07.2008

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நிரஞ்சலாவின் பல் விழுந்ததா? கூரையில் போட்டாளா, மண்ணில் புதைத்தாளா?

நீங்கள் கேட்டதை வாசித்தேன். கட்டாயம் செய்கிறேன். வெறும் டேக் நம்பரை மட்டும் அனுப்பி என்ன செய்வது? பாட்டுகளையே முழுதாக முடித்து அனுப்புகிறேன். இரண்டு கிழமையாக அதே வேலைதான். மாடசாமி அண்ணனின் தப்பு மேளத்தைச் சொப்ட்வெயாரில் போட்டதும் அது எழும்பி நின்றது. காமன் எரிந்த பிறகு ரதி அழுகிற பாட்டில் அண்ணன் குரலுக்குக் கீழே கொஞ்சம் சூடு ஏற்றியிருக்கிறேன். யஹ்யா நானா கேட்டுவிட்டு, "இது மெஷின்ல செஞ்சதெண்டு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

இரைச்சல் பொத்தானை நான் அமுக்கவில்லை. தேவைப்படவில்லை.

கீழே மிளகுக் கடை ரவூப் நானாவின் மருமகன் அடுத்த மாதம் லீவில் வருகிறார். அவர் கையில் சீடி கொடுத்துவிடுகிறேன். கடையில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி
சிவலிங்கம்


எல்கடுவ
25.08.2008

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். பல் விழுந்தது, கூரையில்தான் போட்டாள். தகரத்தில் விழுந்த சத்தம் கேட்டுச் சிரித்தாள்.

ரவூப் நானாவிடம் சீடி வாங்கினேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். மாடசாமி அண்ணன் வீட்டு டெக்கில் போட்டோம். லயத்து வீடு அத்தனையும் கூடிவிட்டது. ரதி அழுகிற பாட்டு வந்தபோது பெண்களெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பாடின மாடசாமி அண்ணனே அழுதார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் அவர் எப்போது பேசுவார் என்று காத்திருந்தேன்.

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். ஒன்பது பாட்டும் தப்பு அடிக்கிற இடத்தில் தொடங்கி, தப்பு நிற்கிற இடத்தில் முடிகிறது. அவர் இல்லை. நிரஞ்சலா டெக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா எங்கம்மா பேசுறாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் தூங்கிவிட்டாள்.

வேறு சீடி ஏதும் இருக்கிறதா? மாறி அனுப்பிவிட்டாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா
சந்திரகாந்தா


தோஹா
22.09.2008

அன்புள்ள அக்காவுக்கு,

சீடி மாறவில்லை.

ஒரு பாட்டைச் சரி செய்ய எடுத்தால், முதல் வேலையாகத் தலையையும் வாலையும் வெட்டிவிடுவோம். பேச்சு, இருமல், நாற்காலி இழுக்கிற சத்தம் எல்லாம் போய்விடும். கை தானாகச் செய்கிற வேலை. இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே, பழகிப் பார்ப்பதற்காக ஒன்பது பாட்டையும் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டேன். அதன் மேலேயே சேமித்தும்விட்டேன். மச்சான் பேசியது எதுவும் அந்தத் தடங்களில் இல்லை. நீங்கள் கேட்டபோதே எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. பாட்டு நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

என்னை மன்னித்துவிடுங்கள்.

சிவலிங்கம்


எல்கடுவ
14.10.2008

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. சரி, விடு. வேண்டுமென்று செய்யவில்லையே.

இங்கே எல்லாரும் சுகம். தீபாவளிக்கு நிரஞ்சலாவுக்குச் சட்டை தைத்திருக்கிறேன். மிச்சத் துணியில் பிள்ளைக்காம்பராவின் தொட்டில்களுக்கு ஓரம் வைத்தேன்.

ரவூப் நானா ஆள் அனுப்பியிருந்தார். மேல்மாடியில் மிளகு மூட்டை போட இடம் வேண்டுமாம். தம்புள்ளைச் சந்தையில் அறிவிப்புச் செய்கிற ஒருவர் மிக்சரைக் கேட்கிறாராம். "தங்கச்சி, நீங்க சொல்லாம நான் ஒண்டும் செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிட்டிருந்தார். போய்ப் பார்த்தேன். துணியை விலக்கினால் பதினாறு வரிசையில் ஏழாவது மட்டும் பொந்து. கையை விட்டேன், உள்ளே தூசியும் ஒரு சிலந்தியும். ஒரு சேனல் குறைகிறதே, சரியா என்று நானா கேட்டதற்கு, அது பரவாயில்லை என்று தம்புள்ளைக்காரர் சொன்னாராம். நான் கொடுக்க வேண்டாம் என்றேன். அந்தத் துண்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் எங்கே மாட்டுவது? இதை நான் சொன்னதும் நானாவே துணியை இழுத்து மிக்சரை மூடிவிட்டார்.

உன் வேலையைக் கவனமாகச் செய். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அக்கா
சந்திரகாந்தா


எல்கடுவ
20.01.2009

அன்புத் தம்பிக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. சுகமாக இருக்கிறாயா? ரவூப் நானாவின் மருமகன் போனில் விசாரித்ததில் வேலைக்கு வருகிறாய் என்று சொன்னாராம். அது போதும்.

இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்கு மறுநாள் டவுனில் வெடி கொளுத்தினார்கள். சண்டையில் வடக்கே ஒரு ஊர் பிடிபட்டதற்காக. பஸ் நின்றுவிட்டது. நான் நிரஞ்சலாவின் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த சிங்களத்து அம்மா ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை அவள் கையில் கொடுத்தார்.

கண்டிக்குப் போனேன். பழைய கோப்பு கிடைக்கவில்லையாம். முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இரைச்சல் பிடிக்காமல்தான் போனாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

வேறு ஒன்றும் இல்லை. கோபித்துக்கொண்டு எழுதாமல் இருக்கிறாய் என்றால், நான் கோபிக்கவில்லை.

அன்பு அக்கா
சந்திரகாந்தா


தோஹா
19.02.2009

அக்காவுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தச் சொப்ட்வெயாரில் இரைச்சல் பொத்தானுக்குப் பக்கத்தில் இன்னொரு குமிழ் இருக்கிறது. அது எதற்கு என்று நவம்பரில் யஹ்யா நானாவிடம் கேட்டேன். நிஜமான மிக்சரில் ஒரு சேனலின் சத்தம் பக்கத்துச் சேனலுக்குக் கொஞ்சம் கசியுமாம். அடைத்து வைத்தாலும் கசியுமாம். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் பேசுவது சுவர் வழியாகக் கேட்பதைப் போல. அந்தக் கசிவும் இருந்தால்தான் பழைய சத்தம் வரும் என்று அதையும் செய்து வைத்திருக்கிறார்கள்.

மச்சான் உட்கார்ந்த இடத்திலிருந்து பாடுகிறவர்களோடு பேசுவதற்கு ஒரு மைக் இருந்தது உங்களுக்குத் தெரியும். அது ஏழாம் சேனலில்தான் இருந்தது. பேசுகிற மைக் என்பதால் அதைத் தனித் தடமாக நாங்கள் பதியவில்லை; பாடுகிறவர்களின் மைக்குகளில் விழுந்ததைத்தான் நான் வெட்டிவிட்டேன். எட்டாம் சேனலில் ஒன்றும் செருகவில்லை, ஆனால் அதன் பதிகிற பொத்தான் அமுங்கியே கிடந்திருக்கிறது. எட்டாம் தடத்தில் வெறும் இரைச்சல் என்று நினைத்து நான் அதைத் தொடவே இல்லை. எதற்கும் உதவாதது என்பதால் வெட்டவும் இல்லை, சுத்தம் செய்யவும் இல்லை.

அன்றைக்கே போட்டுச் சத்தத்தை முழுவதும் கூட்டினேன். மச்சான் பேசுகிறார்.

நாற்பத்தெட்டு நிமிடம் ஓடுகிறது. கடைசி நாள் பதிந்தது. மாடசாமி அண்ணன் ஆட்கள் போன பிறகும் யாரும் நிறுத்தாமல் ஓடியிருக்கிறது. இரைச்சலைத் துடைத்துத் தரலாம் என்று பார்த்தேன். துடைத்தால் அவரும் சேர்ந்து போகிறார். இரண்டும் ஒரே இடத்தில் கிடக்கின்றன.

நவம்பரிலேயே கண்டுபிடித்துவிட்டு ஏன் இவ்வளவு நாள் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தை வெட்டிவிட்டு அனுப்ப நினைத்தேன். மூன்று தடவை வெட்டினேன். மூன்று தடவையும் திரும்ப ஒட்டினேன்.

இப்போது தருகிற சீடியில் ஒன்றையும் வெட்டவில்லை. முழுவதையும் கேளுங்கள். முதலில் நீங்கள் தனியாகக் கேளுங்கள். அதற்குப் பிறகு எனக்கு எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம்.

சிவலிங்கம்


எல்கடுவ
17.04.2009

தம்பிக்கு,

சித்திரை பிறந்தது. நாங்கள் சுகம்.

ரவூப் நானா கடையில் சீடி பெட்டியும் ஹெட்போனும் இரவல் வாங்கி, ஸ்டூடியோவில் அந்த மிக்சருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். முதலில் வெறும் 'ம்ம்ம்'. அப்புறம் வந்தார். "இருவதாந் தேதி, ரதி அழுவுற பாட்டு, டேக் மூணு." கொஞ்சம் மூக்கால் பேசுவார். அது எப்படி எனக்கு மறந்தது என்று தெரியவில்லை. லொறி ஒன்று போகிறது, "நிறுத்துங்க, நிறுத்துங்க, தம்புள்ளைச் சந்தைக்குக் கோவா மூட்டை போவுது" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. மூட்டை வைக்க மேலே வந்த நானாவின் கடைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

நீ வெட்டாமல் விட்ட இடத்தையும் கேட்டேன். நான் என்ன கேட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அவர் சொல்கிறார்: "இரைச்சல் இருந்தா இருந்துட்டுப் போவுதுடா. தப்பு அடிக்கிறப்ப யாருக்குக் கேக்கப் போவுது? எனக்கு அது பழகிருச்சு."

நீ சொல்கிறாய்: "எனக்குக் கேக்குது மச்சான். அதோட என்னால வேலை செய்ய முடியாது. நாளைக்கே கொழும்புல காட்டிறணும்."

"நீதானே போறேன்னு சொன்ன?"

"எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு. நீங்க போயிட்டு வாங்க. பெட்டியில போட்டுறாதீங்க, நசுங்கிரும். துவாயில சுத்திக் கையிலயே வச்சுக்குங்க."

"சரிடா. படுத்துக்க நீ. நா போயிட்டு வர்றேன்."

அப்புறம் நாற்காலி சத்தம். அப்புறம் இரைச்சல் மட்டும்.

மறுநாள் பகல் நீ எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய்.

எனக்குக் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு மாதமாகிறது, இன்னும் வரவில்லை. அழுகையும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். நீ நினைத்திருந்தால் அந்தப் பத்து நிமிடத்தை வெட்டியிருக்கலாம், எனக்குத் தெரிந்தே இருக்காது. வெட்டாமல் அனுப்பினாய். அதையும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை கண்டிக்குப் போகிறேன். இரண்டு வருடமாக அவர்களிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு இரைச்சல் பிடிக்காது, அவராகத்தான் புறப்பட்டுப் போனார் என்று. திருத்தி எழுதச் சொல்ல வேண்டும். அப்படியென்றால் யார் போகச் சொன்னது என்று கேட்பார்கள். என்ன சொல்லட்டும் என்று நீயே எழுது.

நிரஞ்சலாவுக்குக் கடைசி இடம் தவிர மற்றதைப் போட்டுக் காட்டினேன். இப்போது யார் கேட்டாலும் அப்பா மாதிரிப் பேசிக் காட்டுகிறாள். முதலில் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுக்கிறாள். அதற்குப் பிறகுதான் "டேக் மூணு" என்கிறாள். இரைச்சலும் அவர் குரல்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை. நீயும் அதைச் சுத்தம் செய்துகொண்டிருக்காதே, அப்படியே இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் காய்ச்சல் இப்போது எப்படி இருக்கிறது?

அக்கா